பேரிடருக்குப் பிந்தைய சீரமைப்புப் பணி: மும்பைத் தமிழ் இளைஞர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தாராவி, சயான் கோலிவாடா, செம்பூர், முலுண்டு ஆகிய பகுதிகளைச் சேர்ந்த கல்லூரி மாணவர்களும் அண்மையில் வேலைக்குச் சேர்ந்தவர்களும் எங்கள் குழுவிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறோம். எங்கள் குழுவுக்குப் பெயரும் கிடையாது, பதாகையும் கிடையாது. மழையோ புயலோ ஓர் ஊரைப் புரட்டிப்போட்ட பிறகு விடுப்பு எடுத்துக்கொண்டு போய் வேலை செய்துவிட்டுத் திரும்பும் சிலர், அவ்வளவுதான். சில பதில்கள் உங்கள் ஆர்வத்துக்கு அணை போடுவதுபோல் இருக்கலாம். அவை பெரும்பாலும் நாங்களே தவறு செய்து கற்றுக்கொண்டவை.

செய்தி வந்த அன்றிரவே புறப்பட்டுவிடலாமா?

வேண்டாம். முதல் சில நாள்கள் தேடுதலுக்கும் மீட்புக்கும் உரியவை. கயிறும் படகும் மோப்ப நாயும் பயிற்சியும் உள்ளவர்களின் நாள்கள் அவை. 2023 ஜூலை 19 இரவு ராய்கட் மாவட்டத்தின் காலாப்பூர் வட்டத்தில் இர்ஷால்வாடி என்னும் ஆதிவாசிக் குக்கிராமத்தின்மீது மலை சரிந்தபோது, அங்கே வண்டி போகும் பாதையே இருக்கவில்லை. மண் அள்ளும் இயந்திரங்களை மேலே கொண்டுசெல்ல முடியாமல், தேசியப் பேரிடர் மீட்புப் படையினர் மண்வெட்டியைக் கொண்டே தோண்ட வேண்டியிருந்தது. 27 உடல்கள் மீட்கப்பட்டன. 57 பேரைக் காணவில்லை என்ற நிலையில் ஜூலை 23 அன்று தேடுதல் நிறுத்தப்பட்டது. அப்படிப்பட்ட ஒற்றையடிப் பாதையில் நல்ல மனத்தோடு ஏறிப்போகும் ஐம்பது இளைஞர்கள், காயம்பட்டவரைத் தூக்கிக்கொண்டு இறங்குபவர்களுக்கு வழியை அடைப்பதைத் தவிர வேறொன்றும் செய்ய முடியாது. அவர்களுக்கும் குடிநீரும் படுக்க இடமும் தேட வேண்டிய சுமை, ஏற்கெனவே திணறிக்கொண்டிருக்கும் ஊரின் தலையில் விழும்.

உங்கள் சொந்தத் தெருவிலேயே நேர்ந்தால் கணக்கு வேறு. வெளியிலிருந்து யாரும் வந்துசேரும் முன்பு முதியவர்களையும் குழந்தைகளையும் மேட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பவர்கள் எப்போதும் அக்கம்பக்கத்தார்தான்.

அப்படியானால் எப்போது போவது?

இரண்டாவது வாரத்தின் முடிவில் போங்கள். முடிந்தால் இரண்டாவது மாதத்தில் மறுபடியும் போங்கள். எங்களிடம் சொல்வதற்கு ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது என்றால் அது இதுதான். முதல் வாரத்தில் சாப்பாட்டுப் பொட்டலம் கொடுக்க ஆள்கள் முண்டியடித்துக்கொண்டு வருவார்கள். தொலைக்காட்சி வண்டிகள் திரும்பிய பிறகுதான், வீட்டுக்குள் முழங்கால் அளவுக்குக் காய்ந்து இறுகிய சேறும், ஊறிப்போன அரிசி மூட்டையின் நாற்றமும், விண்ணப்பத்தை எங்கே கொடுப்பது என்று தெரியாத குழப்பமும் அந்தக் குடும்பத்துக்கு மட்டுமே சொந்தமாகின்றன.

நம் ஊர் அனுபவமே இதற்குச் சான்று. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது. அதே நாளில் கொலாபாவில் பதிவானது 75 மில்லிமீட்டருக்கும் குறைவு. மித்தி ஆறு பெருகி குர்லாவும் கலினாவும் தாராவியின் தாழ்வான பகுதிகளும் மூழ்கின. வெள்ள நீரில் நடந்து வந்தவர்களுக்கு முன்பின் தெரியாதவர்கள் பிஸ்கட்டும் தேநீரும் கொடுத்த கதையை இன்றும் பெருமையாகச் சொல்கிறோம். ஆனால் எலிக் காய்ச்சலால் மருத்துவமனைகள் நிரம்பியது ஆகஸ்டில். அப்போது பிஸ்கட் கொடுக்க யாரும் சாலையில் நிற்கவில்லை.

போவதற்கு முன் யாரிடம் கேட்க வேண்டும்?

பேரிடர் மேலாண்மைச் சட்டம், 2005இன்படி மாவட்ட அளவிலான பொறுப்பு மாவட்ட ஆட்சியரைத் தலைவராகக் கொண்ட ஆணையத்திடம் இருக்கிறது. மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077. மும்பை மாநகராட்சியின் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறைக்கு 1916. எத்தனை பேர், எத்தனை நாள், என்ன வேலை தெரியும், தங்குமிடமும் உணவும் நீங்களே பார்த்துக்கொள்வீர்களா என்ற விவரங்களைச் சொல்லி, எந்த ஊரில் ஆள் தேவை என்று கேளுங்கள். அதோடு நிற்காமல் அந்த ஊரிலேயே இருக்கும் ஒருவரிடமும் பேசுங்கள்: பள்ளி ஆசிரியர், சுய உதவிக் குழுப் பெண், ஊராட்சி உறுப்பினர், யாராக இருந்தாலும் சரி. அலுவலகம் சொல்லும் தேவையும் ஊர் சொல்லும் தேவையும் பொருந்தாதபோது, நாங்கள் ஊர் சொன்னதைத்தான் கேட்டிருக்கிறோம். இதுவரை அதற்காக வருந்த நேர்ந்ததில்லை.

என்னென்ன பொருள்களைத் திரட்டலாம்? வீட்டில் பழைய துணிகள் நிறைய இருக்கின்றன.

பழைய துணிகளை அனுப்பாதீர்கள். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்துக்கு லாரி லாரியாக வந்திறங்கிய பழைய துணிகள் தெருவோரங்களில் மலைபோல் குவிந்து, மழையில் நனைந்து, கடைசியில் அவற்றை அகற்றுவதே தனி வேலையானது. கடலில் எல்லாவற்றையும் இழந்த மீனவக் குடும்பம் அடுத்தவர் கழித்துப்போட்ட கிழிந்த சட்டையை ஏன் உடுத்த வேண்டும் என்று அப்போது யாரும் யோசிக்கவில்லை. அதற்குப் பிறகும், மூட்டை மூட்டையாகப் புடவைகளைக் கட்டி எடுத்துப்போய், அவற்றை இறக்கிவைக்க இடம் கேட்டு ஒரு பள்ளித் தலைமை ஆசிரியரிடம் கெஞ்சிய குழு எங்களுடையதுதான். துணி தருவதானால் புதியது தாருங்கள், குறிப்பாக உள்ளாடை, துண்டு, போர்வை, நைட்டி ஆகியவற்றை. மாதவிடாய்க்கால நாப்கின்களைக் கேட்க ஊரார் கூச்சப்படுவார்கள், கேட்காமலேயே சேர்த்துக்கொள்ளுங்கள்.

தேவை என்பது இடத்துக்கு இடம் மாறும். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த பிறகு டெல்டா மாவட்டங்களில் மின்கம்பங்கள் பெருமளவில் சாய்ந்து பல கிராமங்கள் வாரக்கணக்கில் இருளில் கிடந்தன. மோட்டார் ஓடாததால் மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் ஏறவில்லை. அங்கே அரிசியைவிட அவசரமாகத் தேவைப்பட்டவை ஜெனரேட்டர், தார்ப்பாய், மெழுகுவத்தி, கொசுவத்தி ஆகியவை. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னைகள் வேரோடு விழுந்து கிடந்தன. மரமறுக்கும் இயந்திரமும் அதை இயக்கத் தெரிந்த ஆளும்தான் அந்த விவசாயிகளுக்கு உதவி. விழுந்த மரங்களை அப்படியே மட்கவிட்டால் காண்டாமிருக வண்டு அவற்றில் பெருகி, தப்பி நிற்கும் மரங்களின் குருத்தையும் தின்னத் தொடங்கும் என்பதால், அந்த அறுப்பு வேலைக்கும் கெடு இருந்தது. மாறாக, 2021 ஜூலை 22 அன்று வாசிஷ்டி ஆறு பெருகி மூழ்கிய, கொங்கணத்தின் ரத்னகிரி மாவட்டத்திலுள்ள சிப்ளூண் நகரில் தேவைப்பட்டவை மண்வெட்டி, வாளி, ரப்பர்த் துடைப்பான், சேற்றைக் கழுவப் பீய்ச்சும் பம்பு.

இன்னொன்றையும் யோசியுங்கள். மும்பையில் வாங்கி லாரியில் ஏற்றும் அரிசியையும் பாத்திரத்தையும் பக்கத்து நகரத்துக் கடையிலேயே வாங்கினால் லாரி வாடகை மிச்சமாவதோடு, அடிபட்ட அந்த வட்டாரத்தின் வியாபாரியும் எழுந்து நிற்பார்.

பணம் வசூலிக்கலாமா?

மகாராஷ்டிரப் பொது அறக்கட்டளைச் சட்டத்தின்படி, பதிவு பெறாத குழு பொதுமக்களிடம் தருமக் காரியத்துக்குப் பணம் திரட்டும்போது அறக்கட்டளை ஆணையர் அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். எனவே ஒருவருடைய கைப்பேசி எண்ணுக்குப் பணம் அனுப்பச் சொல்லி வாட்ஸ்அப்பில் பரப்புவதைக் காட்டிலும், ஏற்கெனவே பதிவு பெற்ற சங்கம் ஒன்றின் கணக்கில் வரவு வைத்து ரசீது தருவதே முறையானது. வரவையும் செலவையும் வாரம் ஒருமுறை குழுவில் வெளியிடுங்கள். நண்பர்களுக்குள் மனக்கசப்பு வந்ததெல்லாம் சில நூறு ரூபாய்ச் செலவுக்குத் துண்டுச்சீட்டு இல்லாமல் போனதால்தான்.

சேறு அள்ளும்போது எவற்றைக் கவனிக்க வேண்டும்?

வீட்டுக்குள் கால் வைக்கும் முன் மெயின் சுவிட்ச் அணைக்கப்பட்டிருக்கிறதா, சமையல் எரிவாயு கசிகிறதா என்று பாருங்கள். சுவர் உப்பியோ புதிதாக வெடித்தோ இருந்தால் உள்ளே போகாதீர்கள். தண்ணீர் வடியும்போதும் ஊறிய மண்சுவர் சாயும். அலமாரிக்குப் பின்னாலும் ஓலைக்கு அடியிலும் பாம்பு ஒதுங்கியிருக்கும் என்பதால் முதலில் கம்பால் கிளறுங்கள். மூழ்கியிருந்த இருசக்கர வண்டியை ஓடுகிறதா என்று பார்ப்பதற்காக உதைத்து இயக்காதீர்கள். இயந்திரத்துக்குள் தண்ணீர் இருந்தால் பழுது பெரிதாவதோடு காப்பீட்டு நிறுவனம் கைவிரிக்கவும் வாய்ப்புண்டு.

எலிக் காய்ச்சல் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். எலி, மாடு, நாய் ஆகியவற்றின் சிறுநீர் கலந்த தண்ணீரில் இருக்கும் கிருமி, நம் காலிலுள்ள சிறு கீறல் வழியாக உடலுக்குள் போகிறது. முழங்கால் வரை வரும் கம்பூட்ஸும் ரப்பர்க் கையுறையும் இல்லாமல் யாரையும் நாங்கள் சேற்றில் இறக்குவதில்லை. வெள்ள நீரில் நடந்தவர்கள் 72 மணி நேரத்துக்குள் மருத்துவரைப் பார்த்துத் தடுப்பு மருந்து பெற வேண்டும் என்று மும்பை மாநகராட்சி மழைக்காலந்தோறும் அறிவுறுத்துகிறது. எந்த மருந்து, எந்த அளவு என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் அது மாறும். நோய் பெரும்பாலும் ஒன்று முதல் இரண்டு வாரம் கழித்தே தலைகாட்டும் என்பதால், நீங்கள் வீடு திரும்பி அலுவலகம் போகத் தொடங்கிய பிறகு காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தால், வெள்ளப் பகுதிக்குப் போய்வந்ததை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். புறப்படும் முன்பே தனுர்வாதத் தடுப்பூசி போட்டுக்கொள்வது நல்லது.

பிளீச்சிங் பவுடரைத் தெருவோரத்தில் கோலம் போடுவதுபோல் தூவுவதால் பெரிய பயன் எதுவும் இல்லை. அது வேலை செய்ய வேண்டிய இடம் கிணறும் தொட்டியும்தான். தரமான பவுடர் 1000 லிட்டருக்கு ஏறத்தாழ இரண்டரை கிராம் போதும். அதைக் கரைத்து ஊற்றி ஒரு மணி நேரமாவது விட வேண்டும். கிணற்றின் கொள்ளளவைக் கணக்கிடுவதற்குச் சுகாதார ஆய்வாளரை உடன் வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்குச் சேறு அள்ளும் உடல்வலு இல்லை. நான் என்ன செய்ய முடியும்?

எங்கள் மதிப்பீட்டில் மிகப் பெரிய வேலையே உங்களுக்காகக் காத்திருக்கிறது. அது காகித வேலை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்கள் மூழ்கின. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் பெய்தது 95 சென்டிமீட்டர். சாந்தாகுரூஸின் 2005 மழைக்கு ஏறக்குறைய அதே அளவு. ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் ஏறத்தாழ 800 பயணிகளோடு நின்றுபோனதைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். தாராவியில் வாழும் நம்மில் பலருக்கு அது பாட்டி ஊர் என்பதால், நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் ஒன்றரை நாள் பயணம் செய்து போனோம். தாமிரபரணிக் கரையோரக் கிராமம் ஒன்றில் பாட்டி ஒருவர் எங்கள் உணவுப் பொட்டலத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, "சோறு போதும்யா, இந்தப் பத்திரத்தக் காய வச்சுத் தா" என்று நனைந்த கத்தையை நீட்டினார். அன்றிலிருந்து எங்கள் பையில் முதலில் ஏறுவது பழைய செய்தித்தாள்.

நனைந்த ஆவணங்களை வெயிலில் போடாதீர்கள். சுருங்கி மை பரவிவிடும். தாள்களுக்கு இடையே செய்தித்தாளை வைத்து, மேலே லேசான பாரம் ஏற்றி, செய்தித்தாள் ஈரத்தை இழுக்க இழுக்க மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஒட்டிக்கொண்ட பக்கங்களை வலிந்து பிரிக்கக் கூடாது. சேறு படிந்த திருமணப் படங்களைச் சுத்தமான தண்ணீரில் மெல்ல அலசி, படம் மேலே தெரியும்படி நிழலில் பரப்புங்கள். காய்ந்ததும் கைப்பேசியில் ஒளிப்படம் எடுத்து அந்தக் குடும்பத்தின் கைப்பேசிக்கே அனுப்பிவிட்டு, உங்களிடமிருந்து அழித்துவிடுங்கள். ஆதார் எண்ணும் பத்திரமும் உங்கள் கைப்பேசியில் தங்கக் கூடாது.

அடுத்தது விண்ணப்பம். மகாராஷ்டிரத்தில் சேத மதிப்பீட்டுப் பஞ்சநாமாவை (நேரில் பார்த்து எழுதும் அறிக்கையை) கிராம வருவாய் அலுவலரான தலாட்டி எழுதுவார். தமிழ்நாட்டில் கிராம நிர்வாக அலுவலரைப் பார்க்க வேண்டும். அவர் வருவதற்கு முன்பே வீட்டைக் கழுவிப் பளிச்சென்று ஆக்கிவிட்டால் சேதத்துக்குச் சான்று இல்லாமல் போகும் என்பதால், மண்வெட்டியை எடுக்கும் முன் சுவரில் தண்ணீர் நின்ற கோட்டையும் கெட்டுப்போன பொருள்களையும் தேதியோடு படம் எடுத்துவைக்கச் சொல்லுங்கள். 2015, 2023 வெள்ளங்களுக்குப் பின் தமிழ்நாடு அரசு, தொலைந்த சான்றிதழ்களுக்கு நகல் வழங்கச் சிறப்பு முகாம்களை நடத்தியது. அத்தகைய முகாமின் தேதியை விசாரித்து முதியவர்களை அழைத்துப்போவதற்கே ஒருவர் முழுநேரமாகத் தேவைப்படுவார்.

உயிரிழப்பு நேர்ந்த வீடுகளில் இறந்தவரின் வங்கிக் கணக்குப் புத்தகத்தை வரிவரியாகப் பாருங்கள். ஆண்டுக்கு 20 ரூபாய் பிடித்திருந்தால் அது பிரதமரின் சுரக்ஷா பீமா விபத்துக் காப்பீடாக இருக்கலாம்; 436 ரூபாய் என்றால் ஜீவன் ஜோதி ஆயுள் காப்பீடு. இரண்டுமே 2 லட்சம் ரூபாய்க்கானவை. இயற்கைச் சீற்றத்தால் நேரும் விபத்து மரணமும் முதலாவதில் அடங்கும். வங்கிக் கணக்கு தொடங்கும்போது கையெழுத்துப் போட்டதோடு சரி, அப்படியொரு காப்பீடு இருப்பதே பல குடும்பங்களுக்குத் தெரிவதில்லை. 30 நாள்களுக்குள் வங்கிக்குத் தெரிவிப்பது நல்லது. துக்க வீட்டில் பணத்தைப் பற்றிப் பேசுவது நாகரிகமா என்று தயங்காதீர்கள்; வீட்டின் மூத்தவர் ஒருவரைத் தனியே அழைத்து, அமர்ந்து, மெதுவாகச் சொல்லுங்கள்.

நான் ஆங்கில வழியில் படித்தவன். தமிழ் பேசுவேன், எழுதவோ படிக்கவோ தெரியாது.

மும்பையில் பிறந்த மூன்றாம் தலைமுறையின் பொதுவான நிலை இது. திருநெல்வேலி வழக்கில் சரளமாகப் பேசுபவர்கள் நிவாரண விண்ணப்பத்தின் முதல் வரியிலேயே நின்றுவிடுகிறார்கள். மாநகராட்சியின் தமிழ்வழிப் பள்ளியில் படித்த ஒருவரை உங்களோடு இணைத்துக்கொள்ளுங்கள். அவருக்குக் கைவராத இணையதளப் பதிவேற்றத்தை நீங்கள் செய்யலாம். கொங்கணப் பகுதிக்குப் போகும்போது உங்கள் மராத்தியும், தாராவியில் பஞ்சநாமா புரியாமல் விழிக்கும் தமிழ் முதியவருக்கு உங்கள் இருமொழி அறிவும் உதவும். அந்தத் திறமை எல்லாக் குழுக்களிடமும் இருப்பதில்லை.

படம் எடுத்துப் பகிரலாமா?

வேலையைப் படம் எடுக்கலாம், முகங்களை வேண்டாம். அரிசிப் பையை நீட்டியபடி நிற்கும் படம் எங்கள் குழுவில் தடை செய்யப்பட்டிருக்கிறது.

துயரத்தில் இருப்பவர்களிடம் என்ன பேசுவது?

எப்படி நடந்தது என்று நீங்களாகக் கேட்காதீர்கள். அவர்கள் சொன்னால் குறுக்கிடாமல் கேளுங்கள். "எல்லாம் நன்மைக்கே", "கடவுள் பார்த்துக்கொள்வார்" என்ற சொற்கள் உங்கள் சங்கடத்தைத்தான் குறைக்கும். உறக்கமில்லை, சாப்பிட முடியவில்லை என்று வாரக்கணக்கில் சொல்பவரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். பிள்ளைகளுக்குப் பந்தும் வண்ணப் பென்சிலும் போதும். ஆனால் நான்கு நாள் ஒட்டி உறவாடிவிட்டுச் சொல்லாமல் மறைந்துவிடாதீர்கள். என்றைக்குப் போகிறீர்கள் என்பதை முதல் நாளே அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.

வீட்டில் அனுமதிக்க மறுக்கிறார்கள். நான் பெண், வயது பதினேழு.

பதினெட்டு நிறையும் வரை களத்துக்கு யாரையும், ஆணானாலும் பெண்ணானாலும், நாங்கள் அழைத்துச் செல்வதில்லை. பொருள்களைப் பிரித்துக் கட்டுவது, பட்டியலைத் தட்டச்சு செய்வது, கட்டுப்பாட்டு அறைகளை அழைத்து விவரம் சேகரிப்பது ஆகியவற்றை மும்பையிலிருந்தே செய்யலாம். வயது நிறைந்த பெண்களைப் பொறுத்தவரை, அவர்கள் இல்லாத குழு பாதிக் குழு என்றே சொல்வோம். கழிப்பறை இல்லாத முகாமில் பெண்கள் இருட்டும் வரை காத்திருப்பதை எங்களிடம் சொன்னவர்கள், எங்களோடு வந்த பெண்களிடம்தான் சொன்னார்கள். தங்குமிடம், பூட்டுள்ள அறை, கழிப்பறை ஆகியவை உறுதியான பிறகு அந்த முகவரியையும் தொடர்பு எண்ணையும் பெற்றோரிடம் நாங்களே நேரில் வந்து கொடுக்கிறோம். பெரும்பாலான அம்மாக்கள் அதற்குப் பிறகு புளியோதரை கட்டிக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள்.

முறையான பயிற்சி கிடைக்குமா?

தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் ஆப்தா மித்ரா திட்டம் 18 முதல் 40 வயது வரையிலான தன்னார்வலர்களுக்கு 12 நாள் பயிற்சி அளித்துவந்தது. விரிவாக்கத்தில் 350 மாவட்டங்களும் ஒரு லட்சம் பேரும் இலக்காக வைக்கப்பட்டனர். உங்கள் மாவட்டத்தில் இத்தகைய பயிற்சியின் அடுத்த பிரிவு உண்டா என்பதை ஆட்சியர் அலுவலகத்தில் விசாரியுங்கள். கல்லூரியில் நாட்டு நலப்பணித் திட்டத்தில் இருப்பவர்கள் இரண்டாண்டுகளில் நிறைவு செய்ய வேண்டிய 240 மணி நேரத்தில் இத்தகைய பணியையும் சேர்க்க முடியுமா என்று திட்ட அலுவலரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

வீடு கட்டிக் கொடுக்கும் பணியில் சேரலாமா?

சேரலாம், ஆனால் நீங்களே முடிவு செய்த வீட்டு வரைபடத்தோடு போகாதீர்கள். 1993 செப்டம்பர் 30 அதிகாலை, கணபதி விசர்ஜனம் முடிந்து ஊர் அயர்ந்து உறங்கிய நேரத்தில், லாத்தூர் மாவட்டத்தின் கில்லாரியை நிலநடுக்கம் தாக்கியது. கல்லையும் களிமண்ணையும் கொண்டு எழுப்பிய கனமான வீடுகள் இடிந்து ஏறத்தாழ 10,000 பேர் இறந்தனர். பிறகு 52 கிராமங்கள் புதிய இடங்களில் கட்டப்பட்டன. நேர்கோட்டுத் தெருக்களும் தள்ளித் தள்ளி அமைந்த வீடுகளும் பாதுகாப்பானவை என்பதில் ஐயமில்லை. ஆனால் மாட்டுக்கும் தானியத்துக்கும் இடம் தேடி, மக்கள் அந்த வீடுகளைத் தங்கள் வசதிக்கேற்ப மாற்றிக்கொண்டார்கள். அடுப்பு எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்று அந்த வீட்டுப் பெண்ணிடம் கேட்பதற்கு எந்தப் பொறியியல் பட்டமும் தேவையில்லை.

எப்போது திரும்புவது?

ஊரார் உங்கள் குறிப்பேட்டை வாங்கிக்கொள்ளத் தயாராகும்போது திரும்பலாம். எந்த வீட்டின் விண்ணப்பம் எந்த அலுவலகத்தில் எந்த எண்ணோடு நிற்கிறது, யாருக்குக் கண்ணாடி போனது, யாருடைய சர்க்கரை மாத்திரை தீரப்போகிறது என்பதெல்லாம் அதில் இருக்கும். அதை அந்த ஊரின் ஆசிரியரிடமோ சுய உதவிக் குழுத் தலைவியிடமோ வாசித்துக் காட்டி ஒப்படையுங்கள். தூத்துக்குடிக் கிராமத்தில் நாங்கள் விட்டுவந்த குறிப்பேட்டில் 41 வீடுகள் இருந்தன. மார்ச் மாதம் மறுபடியும் போனபோது, அவற்றில் 29 வீடுகளுக்கு எதிரே யாரோ சிவப்பு மையில் குறி போட்டிருந்தார்கள். மீதி 12 வீடுகளோடு அன்றைய வேலையைத் தொடங்கினோம்.